பெர்ஸ்பெக்டிவ் கற்பித்த பழைய புத்தகங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தட்டையான தாளில் தூரமும் ஆழமும் தெரியும்படி வரையும் பெர்ஸ்பெக்டிவ் முறை பற்றிய முதல் புத்தகம் எது?

பதில்: கைப்பிரதி என்றால் ஆல்பர்ட்டி. இத்தாலியில் 1435-இல் ஓவியக் கலை பற்றி அவர் எழுதிய நூலில் இந்த முறை விளக்கப்படுகிறது. ஆனால் அது அச்சேறியது 1540-இல்தான். அதற்கு முன்பே, 1505-இல், இன்றைய பிரான்சில் உள்ள தூல் நகரத்துப் பாதிரியார் ழான் பெலரின் தன் புத்தகத்தை அச்சிட்டுவிட்டார். அச்சில் முதல் இடம் அவருக்கு.

கேள்வி: படுத்திருக்கும் பெண்ணைக் கட்டம் போட்ட சட்டத்தின் வழியே ஒருவர் பார்த்து வரையும் படம், ஜெர்மன் ஓவியர் டியூரருடையது, பிரபலம். என்னிடம் உள்ள அவருடைய அளவியல் நூலின் 1525 பதிப்பின் மறுஅச்சில் அது இல்லை. பக்கம் விடுபட்டிருக்குமா?

பதில்: விடுபடவில்லை. டியூரர் 1528-இல் இறந்தார். அந்தப் படம் 1538-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தது. ஆனால் உங்கள் பதிப்பின் கடைசியில் லூட் என்ற நரம்பு வாத்தியத்தை இருவர் வரையும் படம் இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் உசத்தி.

சுவரில் அடித்த வளையத்தின் வழியே ஒரு நூல். ஒரு முனையில் ஈயக்குண்டு, மறுமுனையை ஒருவர் லூட்டின் ஏதாவது ஒரு புள்ளியில் வைக்கிறார். நடுவில் ஒரு சட்டம். நூல் அதைக் கடக்கும் இடத்தை, சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய இரண்டு இழைகளை நகர்த்தி இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார். நூலை விலக்கிவிட்டு, தாள் ஒட்டிய கதவைச் சட்டத்தின் மேல் மூடி, இழைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அப்புறம் அடுத்த புள்ளி. இப்படியே லூட் முழுவதும்.

பார்ப்பவரின் கண் இருக்க வேண்டிய இடத்தில் வளையம் இருக்கிறது. யாரும் பார்க்கவே வேண்டியதில்லை! லூட்டுக்குப் பதில் ஒரு ஸ்டூலை வைத்து நண்பரோடு செய்து பாருங்கள். நேரம் பிடிக்கும், பொறுமையும் போகும். ஆனால் எந்த விளக்கத்தையும்விட இது மனதில் நிற்கும்.

கேள்வி: பழைய புத்தகம் ஒன்றை வைத்தே கற்க ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில்: ஆந்திரேயா போட்சோ. முதல் பாகம் 1693, இரண்டாவது 1700. லண்டனில் 1707-இல் ஆங்கிலத்திலும் வந்தது. ரோமில் சந்த் இக்னாசியோ தேவாலயத்தில் தட்டையான கித்தானில் குவிமாடத்தையே இருப்பதுபோல் வரைந்து காட்டியவர் இவர். சாதாரணச் சதுரத்தில் தொடங்கி, படம் படமாகத் தூண்களுக்கும் கட்டடங்களுக்கும் கொண்டுபோகிறார். சதுரம் கைவராமல் தூணுக்குத் தாவாதீர்கள். இத்தாலிய ஓவியர் பியேரோ தெல்லா பிரான்செஸ்காவின் நூல் அருமையானதுதான், ஆனால் ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் போட வைக்கும், அது பிறகு.

கேள்வி: வேண்டுமென்றே தப்பாக வரைந்த முகப்புப் படம் ஒன்று உண்டாமே?

பதில்: ஆங்கில ஓவியர் ஹோகார்த் வரைந்தது. கணிதவியலாளர் புரூக் டெய்லரின் பெர்ஸ்பெக்டிவ் முறையை எளிமையாக்கி ஜோஷுவா கிர்பி 1754-இல் வெளியிட்ட புத்தகத்துக்காக. ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பெண் தன் மெழுகுவத்தியால், தூரத்துக் குன்றில் நிற்பவரின் புகைக்குழாயைப் பற்றவைக்கிறாள். ஆடுகள் தள்ளிப் போகப் போகப் பெரிதாகின்றன. மீன்பிடிப்பவர்களின் தூண்டில்களையும் கவனியுங்கள்.