பெயருக்கு முன்னால் ஒரு சொல்

கேள்வி: அமெரிக்க வெள்ளை இனவெறிக் குழுக்களைப் பற்றி எழுதுபவர்கள் மொழியையும் பண்பாட்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறார்கள்? முகமூடி அணிந்து கொலை செய்தவர்களுக்கும் அன்றாடப் பேச்சுக்கும் என்ன தொடர்பு?

பதில்: அடிமைமுறையைக் காக்க அமெரிக்க உள்நாட்டுப் போரில் போரிட்டுத் தோற்ற தென்மாநிலப் படைவீரர்கள் சிலர் 1865-இல் டென்னசியின் புலாஸ்கி என்ற சிற்றூரில் தொடங்கிய கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு, 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒடுக்கப்பட்டது, ஆனால் 1915-இல் ஜார்ஜியாவில் மீண்டும் தலைதூக்கி, 1920களில் பல இலட்சம் பேரைச் சேர்த்துக்கொண்டது. அத்தனை பேர் ஓர் இயக்கத்தில் போய்ச் சேர்வதற்கு, அவர்கள் மனம் முன்பே அதற்குப் பக்குவப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அந்த வேலையைப் பெருமளவு செய்தது அன்றாடப் பேச்சுதான்.

தென்மாநிலங்களில் அக்காலத்தில் வெள்ளையருக்கு 'மிஸ்டர்', 'மிஸ்' என்ற மரியாதை அடைமொழிகள் இருந்தன. கறுப்பினத்தவர் தலை நரைத்தவராக இருந்தாலும் வெறும் பெயரால், அல்லது 'பாய்' என்று, பொடியனைக் கூப்பிடுவதுபோல் அழைக்கப்பட்டார். 1963-இல் அலபாமாவின் கேட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினக் குடிமை உரிமைப் போராளியை அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று விளித்துக் கேள்வி கேட்டபோது, 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைக்கும்வரை பதில் சொல்ல முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். 1964-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை ரத்து செய்தது. இங்கே கிளான்காரர்களின் வெள்ளை அங்கிக்கு வேலையே இல்லை. நீதிபதியின் கறுப்பு அங்கியே போதுமானதாக இருந்தது.

1968-இல் டென்னசியின் மெம்பிஸ் நகரக் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் போராட்டத்தில் ஏந்திய 'ஐ ஆம் எ மேன்' என்ற பதாகையைத் தமிழில் 'நான் ஒரு மனிதன்' என்று சொன்னால் பாதிப் பொருள் நழுவிவிடும். 'பாய்' என்று அழைத்தவர்களுக்கு, நான் பையன் அல்லன், வளர்ந்த ஆண்மகன் என்று சொன்ன மறுமொழி அது.

கேள்வி: அதெல்லாம் பழங்கதை இல்லையா?

பதில்: வசைச்சொற்கள் பொதுவெளியில் குறைந்தன என்பது உண்மை, ஆனால் அந்த இடத்துக்கு வேறு சொற்கள் வந்துவிட்டன. 'ஹெயில் ஹிட்லர்' என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குபவர்கள் 88 என்று எழுதுகிறார்கள், ஆங்கிலத்தில் எச் எட்டாவது எழுத்து என்பதால். இதைவிடத் தந்திரமானது 'பாரம்பரியம்' என்ற சொல். 2017 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய தளபதி ராபர்ட் லீயின் சிலையை அகற்றக் கூடாது என்று இனவாதக் குழுக்கள் தீப்பந்தங்களோடு திரண்டபோது, சிலையைக் காக்க முன்வைக்கப்பட்ட வாதம் பாரம்பரியம்தான். ஆனால் அந்தச் சிலை போர்க்காலத்தது அன்று. போர் முடிந்து 59 ஆண்டுகள் கழித்து, 1924-இல், கிளான் செல்வாக்கோடு இருந்த காலத்தில் நிறுவப்பட்டது. 2021-இல்தான் அதை இறக்கினார்கள்.