முழு எண்ணுக்கு மைனஸ் அடுக்கு: கேள்வி பதில்

கேள்வி: பைத்தானில் 2 ** -1 (அதாவது 2-இன் -1-ஆம் அடுக்கு) போட்டால் 0.5 வருகிறது. பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) முழு எண் அரே (எண்களின் வரிசை) வைத்து அதையே செய்தால் பிழை காட்டி நின்றுவிடுகிறதே, ஏன்?

பதில்: பைத்தான் அந்தந்த எண்ணைப் பார்த்து விடையின் டைப்பை (முழு எண்ணா, தசம எண்ணா என்ற வகையை) முடிவு செய்கிறது. நம்பையால் அது முடியாது. அரேயில் பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே டைப்; கணக்கு தொடங்கும் முன்பே விடைக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே எங்கோ ஒரு -1 இருந்தால் மொத்த விடையும் ஃப்ளோட் (தசம எண்) ஆகும் என்று வைத்தால், நேற்று முழு எண் தந்த நிரல் இன்று வேறு தரவுக்கு ஃப்ளோட் தரும். இதை நான் கடைசிவரை எதிர்ப்பேன். விடையின் டைப்பை உள்ளே போகும் டைப்புகள்தான் தீர்மானிக்க வேண்டும், மதிப்புகள் அல்ல.

கேள்வி: பிழைக்குப் பதில் 0 கொடுக்கலாமே? ஃபோர்ட்ரான் மொழி அப்படித்தானே செய்கிறது?

பதில்: ஆமாம், அங்கே 2**(-1) என்பது 1/2, பின்னத்தை விட்டுவிடும் முழு எண் வகுத்தலில் அது 0. நம்பையும் முன்பு அப்படித்தான் இருந்தது. 2017 ஜனவரியில் வந்த 1.12 பதிப்பிலிருந்துதான் பிழை. அந்த 0 எவ்வளவு பொல்லாதது என்று பாருங்கள். k-இல் 0, 1, 2 இருக்கிறது, 10 ** -k எழுதுகிறீர்கள். 1, 0.1, 0.01 வர வேண்டிய இடத்தில் 1, 0, 0 வரும். கூட்டினால் 1.11-க்குப் பதில் 1. எச்சரிக்கை எதுவும் வராது, விடையும் பார்க்க நம்பும்படி இருக்கும். அதைவிட நிரல் நின்றுபோவது எவ்வளவோ மேல்.

கேள்வி: சரி, எப்போதுமே ஃப்ளோட் தந்துவிட்டால்?

பதில்: 3-இன் 34-ஆம் அடுக்கு 16677181699666569. 64 பிட் முழு எண்ணில் இது அப்படியே நிற்கும். 64 பிட் ஃப்ளோட்டில் கடைசி இலக்கம் 8 ஆகிவிடும், ஏனென்றால் 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டினால் ஒற்றைப்படை எண்களுக்கு அதில் இடமில்லை. எப்போதாவது வரும் மைனஸ் அடுக்குக்காக எல்லோரும் துல்லியத்தை இழப்பது நியாயமில்லை.

கேள்வி: அப்படியானால் என் நிரலை எப்படி மாற்றுவது?

பதில்: 10.0 ** -k என்று எழுதுங்கள், போதும். அரேயே முழு எண்ணாக இருந்தால் விடையை ஃப்ளோட்டாகவே தரும் ஃப்ளோட்_பவர் (float_power) இருக்கிறது.

கேள்வி: ஜூலியா மொழியில் 2^-1 எழுதினால் 0.5. n = -1 வைத்து 2^n எழுதினால் பிழை. முரணாக இல்லையா?

பதில்: இல்லை. நேரடியாக எழுதிய -1 கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) கண்ணில் முன்பே படுகிறது, டைப்பும் தெரிந்துவிடுகிறது. n-க்குள் என்ன இருக்கிறது என்பது ஓடும்போதுதான் தெரியும்.

கேள்வி: மைனஸ் அடுக்குக்கு முழு எண் விடையே வராதா?

பதில்: கணக்குப்படி, அடுக்கு ஏற்றப்படும் எண் 1 அல்லது -1 ஆக இருந்தால் வரும். அப்புறம் மீதியை மட்டும் பார்க்கும் மட்டு எண்கணிதத்தில்: பைத்தான் 3.8 முதல் பவ்(3, -1, 7), அதாவது pow, கேட்டால் 5 தரும். 3 × 5 = 15, அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1.