ஆரம்பிக்கிறாள், முடிப்பதில்லை: பிளஸ் ஒன் மாணவியின் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

மகளுக்கு ஓவியம்தான் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். அலமாரி நிறைய ஸ்கெட்ச் நோட்டு, ஒவ்வொன்றிலும் முதல் ஐந்தாறு பக்கம்தான் நிரம்பியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் தஞ்சாவூர் ஓவியம், அப்புறம் மண்டலா, அப்புறம் அனிமேஷன் ஆப், இப்போது யூடியூப் சேனல். எதுவும் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. "இவளை நம்பி ஃபைன் ஆர்ட்ஸில் சேர்க்கலாமா, இல்லை பேசாமல் பி.காம். போட்டுவிடலாமா" என்பது உங்கள் கேள்வி.

அந்த முடிவை இன்றைக்கு எடுக்காதீர்கள். பிளஸ் டூ முடிய நாள் இருக்கிறது. அதற்குள் அவள் ஒரே ஒரு வேலையை ஆரம்பித்து முடிக்கட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

எல்லாப் பழியையும் போன் மேல் போட்டிருக்கிறீர்கள். பாதி நியாயம்தான். ஆனால் போனில் அவள் என்ன பார்க்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஷார்ட்ஸில் ஒருவர் நாள்கணக்கில் வரைந்த படத்தை அரை நிமிஷத்தில் ஓட்டிக் காட்டுகிறார். வெள்ளைத் தாள், நாலு கோடு, டக்கென்று முகம். நடுவில் அந்தப் படம் எவ்வளவு அசிங்கமாக இருந்தது, எத்தனை தடவை அழித்தார், எந்த இடத்தில் வெறுத்துப்போய் எழுந்து டீ குடிக்கப் போனார் என்பதெல்லாம் வெட்டப்பட்டுவிடும். அதையே பார்த்துப் பழகிய பிள்ளை, தன் தாளில் மூன்றாம் நாளும் மூக்கு கோணலாகவே இருந்தால் "எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறது. உடனே அடுத்த நோட்டு, அடுத்த ஸ்டைல். புதிதாக ஆரம்பிப்பதில் ஒரு குஷி உண்டு, முதல் ஐந்து பக்கம் அந்தக் குஷியிலேயே ஓடிவிடும். ஆறாம் பக்கத்தில்தான் வேலை தொடங்குகிறது. உங்கள் மகள் சோம்பேறி என்று எனக்குத் தோன்றவில்லை. நடுக்கட்டம் என்று ஒன்று இருப்பதையே அவளுக்கு யாரும் காட்டவில்லை.

அதைக் காட்ட வலங்கைமான் பக்கம் இருக்கிற உங்களுக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை சுவாமிமலைக்குக் கூட்டிப் போங்கள். சிலைகளைப் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் கடையோடு திரும்பிவிடாமல், பட்டறையில் கேட்டு, உள்ளே போய்ப் பாருங்கள். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து சிலையை முதலில் மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை நைசாகக் குழைத்து முதல் பூச்சு. விரல் நகம், ஆரத்து மணி, ஆடை மடிப்பு எல்லாம் அந்தப் பூச்சில்தான் பதிய வேண்டும். நிழலில் காய்ந்தபின் கனத்த மண் பூச்சு. பிறகு சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அந்தக் காலி இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் வெளியே வருவது கருத்துப்போய், சொரசொரப்பாக, காசு கொடுத்து வாங்க யாருக்கும் மனசு வராத ஓர் உருவம். அதற்கப்புறம் உளியும் அரமுமாக உட்கார்ந்தால் வாரக்கணக்கில் வேலை, பெரிய சிலை என்றால் மாதக்கணக்கில். அங்கே இருப்பவர் யாரும் அந்தக் கருத்த உருவத்தைப் பார்த்து "எனக்கு வராது" என்று எழுந்து போவதில்லை. அது இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் மகள் அந்த உருவத்தின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் போதும், நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம்.

தஞ்சாவூர் ஓவியத்தை அவள் எந்தக் கட்டத்தில் விட்டாள் என்றும் கேட்டுப் பாருங்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியைப் பசையில் குழைத்துத் தடவித் தேய்த்து வழவழப்பாக்கும் கட்டத்தில் விட்டிருப்பாள் என்பது என் ஊகம். தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டும் நாள் வரும்வரை அதில் பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. (இப்போது பலகையைத் தயாராகவே கொடுத்து, ரேக் மட்டும் ஒட்டச் சொல்லித் தரும் வகுப்புகள் வந்துவிட்டன. படம் கிடைக்கும், பழக்கம் கிடைக்காது.)

இனி வேலைக்கு வருவோம். ஆறு வாரம், எட்டுப் படம். ஒரே அளவுத் தாள், பென்சில் மட்டும், எட்டுக்கும் ஒரே பொருள். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறையாக இருக்கலாம், கும்பகோணத்து வெற்றிலைக் கடையாக இருக்கலாம், உங்கள் வீட்டுக் கொல்லையாகவும் இருக்கலாம். பொருளை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பின் மாற்றக் கூடாது. மாற்ற ஆசை இரண்டாம் வாரமே வரும். வரும்போது அந்தப் புது யோசனையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டு வைக்கட்டும், ஆறு வாரம் கழித்து எடுத்துப் பார்க்கலாம். கலர் வேண்டாம், டேப்லெட் வேண்டாம், அது இது என்று எதுவும் புதிதாக வாங்கித் தர வேண்டாம். என்ன பிரஷ், என்ன பேப்பர் என்று தேடுவதிலேயே ஒரு மாதத்தைக் கழிக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

நேரம் தினமும் முக்கால் மணி, ஒரே இடம், ஒரே நேரம். காலை ஐந்தரையா, டியூஷன் முடிந்து வந்த பிறகா என்பதை அவள் சொல்லட்டும். அந்த முக்கால் மணிக்குப் போன் வேறு அறையில் இருக்க வேண்டும், சைலண்டில் போட்டுப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பது போதாது. "பார்த்து வரைய ஃபோட்டோ வேண்டுமே" என்பாள். நியாயமான தேவைதான். முதல் நாளே ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"ரெண்டு நிமிஷம்தான் பார்த்தேன்" என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், முதல் வேலையின் மிச்சம் மனசில் ஒட்டிக்கொண்டு இரண்டாவதைக் கெடுக்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். போன் மட்டுமில்லை, பாதியில் விட்ட அக்கவுண்டன்சி கணக்கும் இதைத்தான் செய்யும். ஆகவே படிப்பிலிருந்து எழுந்து வரைய வரும்போது, அடுத்து எந்தக் கணக்கு என்று நோட்டில் குறித்துவிட்டு வரட்டும். வரைந்து எழும்போதும் தாளின் பின்பக்கம் ஒரு வரி: "நாளைக்கு விளக்கின் அடித்தட்டு, இடது பக்க நிழல்." மறுநாள் எங்கே ஆரம்பிப்பது என்று விழித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வெறுமனே விழித்துக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் கை போனைத் தேடிப் போகிறது.

முக்கால் மணி போதுமா, இன்னும் கூட்டலாமா என்று கேட்பீர்கள். இப்போதைக்குக் கூட்டாதீர்கள். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் பெர்லினில் வயலின் படித்த மாணவர்களை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட கட்டுரை பிரபலமானது. மிகச் சிறந்த மாணவர்கள் அதிகம் பயிற்சி செய்தார்கள் என்பதை மட்டும் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பயிற்சியை நடுநடுவே ஓய்வு விட்டுப் பிரித்துச் செய்தார்கள், மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண் எரிய வரைவதை ஆர்வம் என்று நினைத்துப் பெருமைப்படாதீர்கள்.

இனி கொஞ்சம் உங்களைப் பற்றி. கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் வீடுகளில் படிக்கிற பிள்ளையை யாரும் கூப்பிட மாட்டோம். புத்தகம் கையில் இருந்தால் அடுப்படியில் குரலைக்கூடத் தாழ்த்துவோம். வரைகிற பிள்ளையை மட்டும் "சும்மாதானே உட்கார்ந்திருக்க, போய் கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்போம். அந்த முக்கால் மணிக்கு அக்கவுண்டன்சிக்குக் கொடுக்கிற மரியாதையையே கொடுங்கள். இன்னொன்று, பாதிப் படத்தை எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள், குடும்பக் குரூப்பில் போடாதீர்கள். நீங்கள் ஆசையாகத்தான் செய்கிறீர்கள். சித்தி "சூப்பர்டா தங்கம்" என்று போட்டு, மாமா நாலு கைதட்டல் அனுப்பினதும், அந்தப் படத்திலிருந்து கிடைக்க வேண்டிய சந்தோஷம் எல்லாம் அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. அப்புறம் அதை எதற்கு முடிக்க வேண்டும்? எட்டும் முடியட்டும், அப்புறம் ஊருக்கே காட்டுங்கள். அதுவரை அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இன்னைக்கு எந்த இடம் கஷ்டமா இருந்துச்சு?"

நாள் தவறும். சித்தப்பா வீட்டுக் கல்யாணம் வரும், கோயில் திருவிழா வரும், ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் வயலில் தண்ணீர் வடிய வைக்கிற வேலையில் வீடே தலைகீழாக இருக்கும். நாலு நாள் விட்டுப்போனால் "எல்லாம் போச்சு, முதல்லேருந்து புது நோட்டுல ஆரம்பிக்கிறேன்" என்று கிளம்புவாள். அங்கேதான் பிடிக்க வேண்டும். நட்ட வயலில் அங்கங்கே நாற்று அழுகிப்போனால் வயலையே திரும்ப உழுகிறோமா? போன இடத்தில் நாற்றைச் செருகுகிறோம். விட்ட படத்தை விட்ட இடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் ஏழரை வாரமாகிவிட்டுப் போகட்டும். எட்டு என்ற எண்ணை மட்டும் குறைக்காதீர்கள்.

முடிக்கும் தேதியை வெளியிலிருந்து யாராவது வைத்தால் இன்னும் நல்லது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, அதில் ஓவியப் போட்டி உண்டு. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் என்று இருக்கிறது. பரிசு வருகிறதா என்பதை இப்போது பார்க்க வேண்டாம், ஒரு தேதிக்குள் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வரும் பழக்கம் வேண்டும். ஓவியர் கோபுலு 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். வலது கை பக்கவாதத்தில் முடங்கியபோது இடது கையால் வரைந்து பழகினார் என்பதைத்தான் மேடையில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய வருஷங்கள். வாரப் பத்திரிகை வாராவாரம் அச்சுக்குப் போகும், கோடு சரியாக வரவில்லை என்று இதழை நிறுத்தி வைக்க மாட்டார்கள். அந்தக் கெடுவுக்குள் வரைந்து வரைந்து வந்த கை அது. பிறகு அவர் விளம்பரத் துறைக்குப் போய்ச் சொந்த நிறுவனமும் நடத்தினார். "படம் போட்டால் சோறு கிடைக்குமா" என்று கேட்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் கழித்து எட்டுப் படமும் முடிந்திருந்தால், அவை சுமாராக இருந்தாலும், ஃபைன் ஆர்ட்ஸ் பற்றித் தைரியமாகப் பேசலாம். கை பழகப் பழகத் தேறும். மூன்றோடு நின்று, பொருளும் இரண்டு தடவை மாறியிருந்தால் இன்னொரு தடவை, நாலே படத்துக்கு முயற்சி செய்யட்டும். அதுவும் நின்றால் அவளுக்குப் பிடித்தது வரைவதா, வரைவதைப் பார்ப்பதா என்று அவளிடமே கேட்க வேண்டியிருக்கும். பார்ப்பதுதான் என்றால் அதில் கேவலம் ஒன்றுமில்லை. பி.காம். படித்துக்கொண்டே வரையலாம்.

காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டாளே என்ற கவலை வேண்டாம். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது, சேர்க்கையில் கையால் வரைந்து காட்ட வேண்டும். சிற்பம், கோயில் கட்டடக்கலையில் ஆசை இருந்தால் மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி உண்டு. அனிமேஷன் ஆசை விடவில்லை என்றால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம். டிசைன் என்றால் யூசீட் (ஐ.ஐ.டி. டிசைன் படிப்புக்கு), என்.ஐ.டி. (தேசிய டிசைன் நிறுவனம்), நிஃப்ட் (தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனம்) என்று மூன்று நுழைவுத் தேர்வுகள், மூன்றுக்கும் எந்தக் குரூப்பும் சரி. யூசீட்டை ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துகிறது, அதிலும் கையால் வரையும் பகுதி உண்டு. தனியார் டிசைன் கல்லூரிகளின் கட்டணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: கடன் வாங்கிச் சேர்க்கும் முன் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையின் வேலையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், விளம்பரப் புத்தகத்தைப் பார்க்காதீர்கள்.

வருமானம் முதல் வருஷங்களில் சுமாராகத்தான் இருக்கும். நம் ஊர்களில் ஃபிளெக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகை, ஆல்பம் டிசைன் என்றுதான் பலருக்குத் தொடக்கம். திருபுவனம் பட்டுக்கும் நகைக் கடைக்கும் டிசைன் வரைபவர்கள் தேவைப்படுகிறார்கள். ஃபோட்டோஷாப், கோரல் டிரா இரண்டும் பிளஸ் டூ முடிந்த விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம், இப்போது வேண்டாம்.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்கட்டும். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வருமானச் சான்றிதழை மட்டும் சேர்க்கை நேரத்துக்குப் பக்கத்தில் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.