தெருவில் புது ரோடு போடும்போது வண்டியை எங்கே நிறுத்துவது?

கேள்வி: கும்பகோணத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடு எங்களுடையது. கார் ஷெட் கிடையாது, கார் எப்போதும் வாசலில்தான் நிற்கும். தெரு முழுக்கப் புது ரோடு போடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு ஸ்கூட்டர் வேறு இருக்கிறது. அப்பாவை வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போடப் போவது தார் ரோடா, சிமென்ட் ரோடா, பேவர் பிளாக்கா? எங்கள் தெருவில் வேலை வந்தபோது எல்லோரும் "எப்போ ஆரம்பிக்கிறாங்க?" என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன போடுறாங்க?" என்று கேட்டவர் எதிர்வீட்டு மாமா ஒருவர்தான். அவர் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் கார் ஒரு ராத்திரி வெளியே நிற்குமா, வாரக்கணக்கில் நிற்குமா என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தார் என்றால் கவலை குறைவு. கலவை பிளான்ட்டிலிருந்து டிப்பரில் 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வரும். பரப்பி, ரோலர் விட்டு அழுத்தி, சூடு முழுக்க ஆறிய பிறகு வண்டி விடலாம். காலையில் போட்டு முடித்தால் பொதுவாக மறுநாள் காரை வாசலுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் புதுத் தார் மதியம் மறுபடியும் இளகும். முதல் சில நாட்கள் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பாதீர்கள், ஜல்லி பெயர்ந்து வரும். ஸ்கூட்டரை சைடு ஸ்டாண்டில் போட்டால் ஸ்டாண்டு உள்ளே இறங்கி வண்டி சாய்ந்துவிடும். அடியில் ஒரு பலகைத் துண்டோ கடப்பா கல் துண்டோ வையுங்கள்.

சிமென்ட் ரோடு என்றால் கதையே வேறு. கான்கிரீட் 7 நாளில் தன் வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டும். முழு வலுவுக்கு 28 நாள் கணக்கு. ஆரம்ப நாட்களில் ஈரச் சாக்கு போட்டோ பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியோ வைத்திருப்பார்கள். பைக்கும் காரும் எப்போது போகலாம் என்பதை வேலையைப் பார்க்கும் உதவிப் பொறியாளர் சொல்ல வேண்டும், கவுன்சிலர் அல்ல. தண்ணீர் லாரி, செங்கல் லாரி போன்ற கனரக வண்டிகளை அந்த 28 நாள் முடியும்வரை உள்ளே விடாமல் இருப்பது தெருவுக்கே நல்லது. யாராவது அந்தச் சமயத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தால் சண்டை நிச்சயம்.

பேவர் பிளாக் காய வேண்டிய வேலை இல்லை. கல்லை அடுக்கி, அதிர்வு மெஷினால் அழுத்தி, இடுக்கில் மணலைத் தள்ளிவிட்டால் வண்டி போகலாம். ஆனால் எல்லாம் கைவேலை, நத்தை வேகம். ஒரு நல்ல விஷயம், பகுதி பகுதியாகப் போவதால் வேலை நடக்காத கோடியில் காரை நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, பலரும் யோசிக்காத ஒன்று. ரோடு போடும் நாளைவிட அதற்கு முந்தைய நாட்கள்தான் மோசம். 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய ரோட்டின் மேலேயே போட்டு உயர்த்தக் கூடாது, சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். திண்ணை வைத்த வீடுகள் நிறைந்த நம் ஊருக்கு அது ரொம்பத் தேவை. எத்தனை வீட்டில் மழைத்தண்ணீர் படியேறி உள்ளே வருகிறது! ஆனால் சுரண்டிய நாளுக்கும் புதுசு போடும் நாளுக்கும் நடுவே இடைவெளி விழும். டெல்டாவில் தோண்டினால் வண்டல்தான், கல் கிடையாது. ஜல்லி புதுக்கோட்டை, திருச்சி பக்கமிருந்து லாரி ஏறி வர வேண்டும். லாரி நின்றால் வேலையும் நின்றது. ஐப்பசி, கார்த்திகை என்றால் கேட்கவே வேண்டாம், அடை மழையில் தார் போட முடியாது. "நாளைக்குக் காலையில கலவை வந்துடும் சார்" என்று மேஸ்திரி சொன்னால் அதை நல்ல எண்ணமாக எடுத்துக்கொள்ளுங்கள், தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த இடைவெளியில் காரை வாசலில் நிறுத்த யாரும் தடை சொல்ல மாட்டார்கள். ஆனால் பாதாள சாக்கடை மூடிகள் மட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், தாழ்வான கார் என்றால் அடியில் இடிக்கும். ஸ்கூட்டர் சரளையில் வழுக்கும். ராத்திரி தெரு விளக்கு இல்லாத கோடியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதே மேல்.

சரி, கார் எங்கே நிற்கும்? நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டப வாசல் காலியாகக் கிடக்கும். மேனேஜரிடம் போய்ப் பேசினால் வாட்ச்மேனுக்கு ஏதாவது கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளச் சொல்வார். தையில் போய் அதே மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள்! அரிசி ஆலைக் களமும் நல்ல இடம், ஆனால் குறுவையோ சம்பாவோ அறுவடை ஓடும் சமயத்தில் அங்கே நெல் காயும், கேட்கவும் கூடாது. கோடை விடுமுறை என்றால் பள்ளிக்கூட வளாகம், தலைமை ஆசிரியர் சம்மதித்தால். ஸ்கூட்டர்களுக்கு ரயில் நிலைய ஸ்டாண்டே போதும்.

வாய்க்கால் கரையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காய்ந்திருக்கும்போது உறுதியாகத்தான் தெரியும், ஒரு மழை பெய்தால் களிமண்ணில் சக்கரம் பாதி இறங்கிவிடும், அப்புறம் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். தென்னை மரத்தடியும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மகாமகக் குளத்தைச் சுற்றி நிறுத்தலாமே என்று தோன்றும். பகலில் அங்கே இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்தான்.

பக்கத்துத் தெருவில் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. செய்யுங்கள், ஆனால் யார் வீட்டு வாசலோ அந்த வீட்டில் ஏறி, "ரோடு வேலை நடக்குது, கொஞ்ச நாள் நிறுத்திக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கண்ணாடியில் நம்பர் எழுதி ஒட்டுவது மட்டும் போதாது. கேட்டு நிறுத்திய வண்டிக்கு அந்த வீட்டுக்காரரே காவல். கேட்காமல் நிறுத்திய வண்டியின் டயரில் காற்று இருக்காது. நாள் கணக்கில் நிற்கும் என்றால் நடுவில் போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள், பானெட்டுக்குள் எலி குடியேறி ஒயரைக் கடித்துவிடும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டராக இருந்து பேட்டரியைக் கழற்ற முடிந்தால் வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போடுங்கள். முடியாத மாடல் என்றால் வெளியே விடுவதற்கு முதல் நாளே முழு சார்ஜ்.

இனி அப்பா விஷயம். உங்கள் கேள்வியில் உண்மையான சிக்கல் இதுதான், மற்றதெல்லாம் அலைச்சல். டயாலிசிஸுக்குப் போவதைக்கூட விடியற்காலையில் ஆட்கள் வருவதற்கு முன் கிளம்பிச் சமாளித்துவிடலாம். திரும்புவதுதான் கஷ்டம். நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு, ரத்த அழுத்தம் குறைந்து, தலை சுற்றலோடு வருபவரைத் தெருமுனையில் இறக்கி நடக்கச் சொல்ல முடியாது. சரளையில் சக்கர நாற்காலி உருளாது. அதனால் முதல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், காலை ஷிப்டு முடிந்து வரும் நேரத்தில்தான் உங்கள் வாசலில் தார் கொதித்துக்கொண்டிருக்கும்.

நான் சொல்வது இதுதான். டயாலிசிஸ் கிழமைகளை ஒரு தாளில் எழுதி, உதவிப் பொறியாளரிடமும் சைட்டில் நிற்கும் சூப்பர்வைசரிடமும் நேரில் கொடுங்கள். தெருவின் எந்தக் கோடியிலிருந்து ஆரம்பிப்பது என்பதை மாற்றுவது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. உங்கள் வீட்டுப் பகுதியை மற்ற நாளில் போட்டுவிடலாம், தார் என்றால் ஒரு நாள்தானே. அப்படியும் நாள் மோதினால் அன்று மட்டும் சிகிச்சை முடிந்ததும் அப்பாவை நேராக அத்தை வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ, தரைத்தளமாக இருக்கும் ஏதோ ஒரு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள். ராத்திரி அங்கேயே தங்கட்டும். அவருடைய சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் அந்த வீட்டுப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் உபசரிப்பிலேயே இளநீரைக் கொடுத்துவிடுவார்கள், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து.

சிமென்ட் ரோடு என்றால் ஒரு ராத்திரி போதாது. வேலை தொடங்கும்முன்பே வேறு தெருவில் கொஞ்ச நாள் இருப்பதற்கு ஏற்பாடு செய்வதுதான் புத்திசாலித்தனம். அல்லது தெருவில் பாதி அகலம் மட்டும் முதலில் போட முடியுமா என்று கேளுங்கள். அகலமான தெருவில் அப்படிச் செய்வதுண்டு, குறுகிய சந்தில் முடியாது. கொல்லைப் பக்கம் சந்து இருக்கும் வீடாக இருந்தால், அடைத்துக் கிடக்கும் கொல்லைக் கதவைத் திறக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. 108 எந்தப் பக்கமாக வர முடியும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் போனில் வழி சொல்வது கஷ்டம்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். ஸ்கூட்டரை வீட்டுக்குள் ஏற்ற வாசலில் சிமென்ட் சரிவு போட்டிருந்தால், அது தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்சத்தில் உடைத்துவிடுவார்கள். தடித்த பலகையோ இரும்புத் தகடோ ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கார் பெயின்ட்டில் தார் தெறித்துவிட்டால் கத்தியால் சுரண்டாதீர்கள், பெட்ரோலும் வேண்டாம். தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் ஊற விட்டால் இளகி வரும், பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவிவிடலாம்.