ஆணியில் ஒட்டாத தாமிரமும் மங்காத நீலமும்

கேள்வி: பெரம்பூரில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். காப்பர் சல்பேட் கரைசலில் போட்ட இரும்பு ஆணியில் படிந்த தாமிரம், துடைத்ததும் துணியோடு வந்துவிட்டது. தாமிரத் தகட்டை வைத்து, பேட்டரி இணைத்து இரும்புச் சாவிக்கு முலாம் பூசியபோதும் அப்படித்தான் உதிர்ந்தது. இரண்டிலும் நீல நிறம் குறையவே இல்லை. தவறு எங்கே?

பதில்: ஆணியில் நிகழ்வது இடப்பெயர்ச்சி வினை: இரும்பு கரைந்து, கரைசலிலுள்ள தாமிரத்தின் இடத்தைப் பிடிக்க, தாமிரம் வெளியே படிகிறது. அடியிலுள்ள இரும்பு கரைந்துகொண்டே இருப்பதால், மேலே படியும் தாமிரத்துக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. துத்தநாகம் பூசிய ஆணியென்றால் படிவு இன்னும் மோசமாக, கருஞ்சேறுபோல் இருக்கும். ஆகவே பூச்சில்லாத ஆணியை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்த பிறகே கரைசலில் போடுங்கள்.

ஆணியின் பரப்பு சிறியது. அதையும் தாமிரம் மூடிக்கொள்வதால் நிறம் எளிதில் மாறாது. 100 மி.லி. வாலைவடிநீரில் 2.5 கிராம் காப்பர் சல்பேட் படிகத்தைக் கரைத்து (போர் தண்ணீர் வேண்டாம், கரைசல் கலங்கும்), அதில் 50 மி.லி. எடுத்து, 1 கிராம் இரும்புத்தூளைப் போட்டுக் கலக்குங்கள். வினைக்கு 0.28 கிராமே போதும். மிகுதித் தூள் வினையை விரைவாக்கும். மீதிக் கரைசலைப் பக்கத்தில் வைத்து, பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்தால், நீலம் வெளிறி மிக மெல்லிய பச்சையாவது கடைசி வரிசைக்கும் தெரியும். மறுநாள் அது பழுப்பேறினால் அது தாமிரமன்று. காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு என்பதை மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மின்முலாமில் நீலம் மங்காததுதான் சரி. எதிர்மின்வாயான சாவியில் எவ்வளவு தாமிரம் படிகிறதோ, ஏறத்தாழ அவ்வளவையும் நேர்மின்வாயான தகடு கரைந்து ஈடுசெய்கிறது. தகட்டுக்குப் பதில் பென்சில் கரிக்குச்சியை வைத்தால் ஆக்சிஜன் குமிழிகள் எழும், நிறமும் குறையும், ஆனால் 0.1 ஆம்பியர் மின்னோட்டம் 10 நிமிடத்தில் எடுப்பது சுமார் 20 மில்லிகிராம் தாமிரம், 100 மி.லி. கரைசலில் இருப்பதோ 630 மில்லிகிராமுக்கும் மேல் என்பதால், ஒரு பாடவேளைக்குள் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மில்லிகிராம் காட்டும் தராசு இருந்தால், தகட்டை உலர்த்தி முன்னும் பின்னும் எடைபோடச் சொல்லுங்கள். நிறத்தைவிட அதுவே நல்ல சான்று.

முலாம் பூசப் பித்தளைச் சாவியே ஏற்றது. இரும்பு, கரைசலைத் தொட்ட கணமே இடப்பெயர்ச்சி தொடங்கிவிடும்; அந்தப் பிடிமானமற்ற படிவின்மேல் ஏறுவதால்தான் முலாமும் உதிர்கிறது. தொழிற்கூடங்களில் இதைத் தவிர்க்க முதலில் நிக்கல் பூசுவார்கள், அல்லது சயனைடு கரைசலைப் பயன்படுத்துவார்கள். சயனைடு பள்ளி வாசலையே மிதிக்கக்கூடாது.

காப்பர் சல்பேட்டும் நச்சுதான். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மீந்த நீலக் கரைசலைத் தொட்டியில் ஊற்றினால் அது கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போய் மீன்களைக் கொல்லக்கூடும். நீலம் முழுவதும் மறையும்வரை இரும்புத்தூளைச் சேர்த்து வடிகட்டி, மண்டியைத் தனிப் புட்டியில் சேமித்துவிட்டு, தெளிந்த நீரை மட்டும் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.