ஆங்கிலச் சொல்வளம்: சனிக்கிழமை வகுப்பில் வந்த கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் பிள்ளைகளும் பெற்றோரும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டீச்சர், தினமும் அகராதியிலிருந்து 20 சொல் மனப்பாடம் செய்கிறேன். கட்டுரை எழுதும்போது ஒன்றுகூட வர மாட்டேங்குது. (படிவம் 5 மாணவி)

அகராதியை வரிசையாகப் படிக்காதேம்மா. 20 வேண்டாம், 5 போதும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அதன் கூட்டாளியோடு சேர்த்துப் படி. கெட்டி மேளம் என்கிறோம், கனத்த மேளம் என்பதில்லை. அதேபோல் ஆங்கிலத்தில் மழை என்றால் ஹெவி, தேநீர் என்றால் ஸ்ட்ராங். நாம் 'ஓப்பன் த லைட்' என்று சொல்லிவிடுவது மலாயின் 'புக்கா லம்பு' காதிலேயே இருப்பதால்தான். அங்கே 'ஸ்விட்ச் ஆன்' வர வேண்டும். சொல்லைக் கூட்டாளியோடு எழுதி, உன் வீட்டில் நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் அமைத்துப் பார்.

பல்கலைக்கழகம் சேர எழுதும் முவெட் ஆங்கிலத் தேர்வு வருகிறது. எதிலிருந்து தொடங்குவது? (படிவம் 6 மாணவன்)

தம்பி, நாளிதழையும் நாவலையும் தடையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அதைக் கேட்டு மலைக்காதே. அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 குடும்பங்கள்தான். கல்வி சார்ந்த எழுத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் அதிலிருந்துதான் வருகிறது. அங்கே தொடங்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அந்தப் பட்டியலில் பல சொற்கள் உனக்கு மலாய்ப் பாடநூல் வழியாக ஏற்கெனவே தெரியும். சிக்னிஃபிகன், கொன்சிஸ்தென், கொம்ப்ரெஹென்சிஃப், அல்தெர்னாதிஃப் எல்லாம் வரலாற்றுப் பாடத்தில் நீ எழுதியவைதானே? 'சி' என்று முடிவது பெரும்பாலும் 'ஷன்' ஆகும்: இம்ப்ளிகாசி, இம்ப்ளிகேஷன். 'இஃப்' என்பது 'இவ்', 'இத்தி' என்பது 'இட்டி'. மலாய் நூலில் ஒரு பக்கத்தை எடுத்து இப்படிப்பட்ட சொற்களுக்குக் கோடு போட்டுப் பார், உனக்கே ஆச்சரியமாக இருக்கும். எழுத்துக்கூட்டலையும் பொருளையும் மட்டும் அகராதியில் சரிபார்த்துக்கொள். நாம் அபராதத்தை 'கொம்பாவுன்' என்போம். இங்கிலாந்துக்காரரிடம் 'காம்பவுண்ட்' கட்டினேன் என்றால் அவருக்குப் புரியாது.

டீச்சர், நான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மகனுக்கு எப்படி உதவுவது?

தெரியாது என்று சொல்லாதீங்கம்மா. பாலில் ஆசிட் ஊற்றினால் உறைகிறதே, அதற்குக் 'கோயாகுலேட்' என்று பெயர். காயத்தில் ரத்தம் உறைவதற்கும் மருத்துவர்கள் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். காலையில் ஆளெண்ணும் பெரட்டை துரைமார் 'மஸ்டர்' என்றார்கள். ஆட்களைக் கூட்டுவதுபோல் மனத்தில் தைரியத்தைக் கூட்டினால் 'மஸ்டர் கரேஜ்'. நீங்கள் வேலையைத் தமிழில் விவரமாகச் சொல்லுங்கள், அதற்கான சொல்லை அவன் தேடட்டும். அம்மாவின் கைவேலையோடு சேர்ந்த சொல் மறக்காது.

படித்தது இரண்டு நாளில் மறந்துவிடுகிறது. (மில் கிராணி, அதாவது எழுத்தர்)

எல்லாருக்கும் அப்படித்தான். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து, மறதி தொடக்கத்தில்தான் வேகமாக நடக்கிறது என்று 1885இல் எழுதினார். அதனால் மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று திரும்பப் பாருங்கள். சொற்களைச் சின்ன அட்டைகளில் எழுதி மைலோ டின்னில் போட்டு வைத்தால் போதும். அட்டையைத் திருப்பும் முன் பொருளைச் சொல்லிப் பார்ப்பது முக்கியம்.

பெரிய சொல் போட்டால் மதிப்பெண் கூடுமா?

சரியான இடத்தில் விழுந்தால் கூடும். ஒரு பிள்ளை தன் பாட்டி இறந்ததைப் பற்றி எழுதும்போது 'டிஃபங்க்ட்' என்று போட்டிருந்தாள். மூடிப்போன கம்பெனிக்கும் வழக்கொழிந்த சட்டத்துக்கும் சொல்வது அது. அடித்துவிட்டு 'டைட்' (இறந்தார்) என்று எழுதினேன். அவளே அந்த வரியை உரக்கப் படித்தாள், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.