'டென்ஷன்' என்று ஓர் உணர்ச்சி கிடையாது

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் பன்னிரண்டு பேருக்கு டீம் லீடர் ஆகியிருக்கிறேன். மீட்டிங்கில் டென்ஷன் ஆகிக் கத்திவிடுகிறேன். உணர்ச்சிகளைப் புரிந்து நடக்கும் தலைவராக என்ன பயிற்சி எடுக்கலாம்? (பெயர் வேண்டாம், பெருங்குடி)

பதில்: பயிற்சி இருக்கட்டும். முதலில் அந்த 'டென்ஷன்' என்ற சொல்லைக் கீழே வையுங்கள். இதற்காக இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இன்னொரு முறையும் போடுகிறேன். ஆங்கிலச் சொல் என்பதற்காக அல்ல. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறதே, அதற்காக. வேலை முடியாதோ என்ற பதைப்பும் டென்ஷன். மேலதிகாரி முன் பட்ட அவமானமும் டென்ஷன். ஜூனியர் பாராட்டு வாங்கினால் வரும் பொறாமையும், ராத்திரி தூங்காத அலுப்பும் அதேதான். எதுவென்றே தெரியாமல் எதைப் புரிந்துகொள்வீர்கள்?

சென்னையில் வெயில் வேறு, வெக்கை வேறு, புழுக்கம் வேறு. மே மாதத்தில் கடல்காற்று வரத் தாமதமானால் "புழுங்குது" என்கிறோம். அதை வெயில் கணக்கில் சேர்ப்பதில்லை. உடம்புக்கு இத்தனை சொல் வைத்திருக்கும் ஊர், மனசுக்கு ஒன்றே போதும் என்று இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பெயரிடுவதற்குப் பலன் உண்டு. 2007இல் அமெரிக்காவில் மாத்யூ லீபர்மன் குழுவினர், கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அப்போது மூளையில் பயம், ஆபத்து என்றால் உடனே விழித்துக்கொள்ளும் அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு அடங்கியதை ஸ்கேனில் கண்டார்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சியை, எட்டாகப் பிரித்தவர். அச்சத்துக்கு அவர் சொல்லும் காரணம் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நாலாவதைப் பாருங்கள். பேய், புலி, திருடன் வரிசையில் நமக்கு மேலே இருப்பவர்! உங்கள் பன்னிரண்டு பேருக்கு அது நீங்கள். உங்களுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். நீங்கள் கோபம் என்று நினைத்துக் கத்துவதில் பாதி, அவரிடம் நாளை என்ன சொல்வது என்ற பயமாக இருக்கலாம்.

நானும் கத்தியவன்தான். எங்கள் புரூஃப் ரீடர் ஒருவர் ஓய்வு பெற்ற அன்று சொன்னார்: "அச்சுக்குப் போற நாள்ல தப்பு கண்ணுல பட்டாலும் உங்ககிட்ட வரமாட்டோம் சார். அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுக்கலாம்னு விட்டுடுவோம்." பக்கம் தாமதமாகிவிடுமோ என்ற பதற்றத்தில் கத்தியிருக்கிறேன். அந்தச் சொல்லை அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் நீங்கள் சொல்லிப் பாருங்கள்: "எனக்குக் கோபம் இல்லப்பா, வியாழக்கிழமைக்குள்ள முடியுமான்னு பயமா இருக்கு."